சித்தப்பாவின் மோட்டாருக்கு எடுத்த ஓட்டு

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பியே இதைத் தொடங்குகிறேன். இங்கே எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அம்மாவின் இருமல் நின்றுவிட்டது, மாடி அறையின் ஒழுகலையும் ஒருவழியாக அடைத்தாகிவிட்டது. சித்தப்பா ஏன் போன் எடுப்பதில்லை என்று நீ மூன்று முறை கேட்டாய், மூன்று முறையும் ஏரியில் இருப்பான் என்று சொன்னேன். அது பொய். அவன் படகைக் கரையேற்றிக் கவிழ்த்து ஒரு மாதம் ஆகிறது. போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஐந்து பேர் கூட்டு உனக்குத் தெரியும், அது வளர்ந்த விதம் தெரியாது. நம் விடுதி, ரொட்டிக்கடை, சைக்கிள் கடை, தேன்காரரின் தோட்டம், சித்தப்பாவின் படகு. முன்பெல்லாம் பஸ் வந்து நின்றதும் ஆளுக்கொரு பக்கம் பயணிகளின் பையைப் பிடித்து இழுப்போமே, அந்த வெட்கக்கேடு ஒழிந்தது. இப்போது நம்மிடம் தங்குகிறவர்களுக்குக் காலைச் சாப்பாடு ரொட்டிக்கடையில், அங்கிருந்து சைக்கிளில் தேன்காரரின் தோட்டம், சாயங்காலம் படகு. சைக்கிள் கடைக்காரருக்கு இப்போது பங்க்சர் என்றே பெயர், வாடகைக்கு விட்டதில் தினமும் ஒன்றாவது தள்ளிக்கொண்டுதான் திரும்பி வரும், கேட்டால், நடந்து பாத்தாத்தானே ஊரு நல்லா தெரியும் என்பார். ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு மேல் கிடையாது, பிளாஸ்டிக் பாட்டில் கிடையாது, ஏரியில் மோட்டார் கிடையாது என்று நோட்டில் விதி எழுதியது நான்தான். இரண்டாம் வருடம் நாணலில் பறவைகள் மறுபடி கூடு கட்டின. அவற்றைப் பார்க்கவே வருகிறார்கள், சத்தமில்லாத ஏரி என்று சொல்லித்தான் நாங்களும் கூப்பிடுகிறோம்.

ஏதாவது பேச்சு முற்றினால் ஓட்டு எடுப்போம். யார் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் மறுநாள் முகம் பார்த்துப் பேச முடியாது என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கை தூக்குவதாக ஏற்பாடு. கடை எதுவும் இல்லாத ஆள் என்பதால் பஸ் கண்டக்டர்தான் எண்ணுவார், எண்ணிக்கையை மட்டும் சொல்வார். மூன்று கை இருந்தால் விஷயம் முடிந்தது.

சித்தப்பாவுக்கு வலது தோள் போய்விட்டது. இனிமேல் துடுப்புப் போட்டால் கையே தூக்க முடியாமல் ஆகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சட்டையைச் சித்திதான் மாட்டிவிடுகிறாள். எங்கேயோ பழைய பெட்ரோல் மோட்டார் ஒன்றைப் பார்த்து வைத்துக்கொண்டு கூட்டத்தில் கேட்டான். போறப்ப நான் எப்படியாவது தள்ளிடறேன், எதிர்காத்துல திரும்பி வர்றப்ப மட்டும் போட்டுக்கறேனே என்றான். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நம் முன்னறையில் ஐந்து பேரும் கண்ணை மூடினோம். கண்டக்டர், ஒண்ணு என்றார். நான் கண்ணைத் திறந்தபோது சித்தப்பாவின் இடது கை இன்னும் இறங்கவில்லை.

நீ கேட்பாய், ஏனப்பா என்று. அவன்மேல் எனக்கு என்ன கோபம். மற்ற மூன்று பேரும் அவன்மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள், இரண்டு கை எப்படியும் கிடைத்துவிடும், விதி எழுதின நானே தம்பிக்காக அதை வளைத்தேன் என்று இருக்க வேண்டாம், இவ்வளவுதான் நினைத்தேன். மறுநாள் ரொட்டி கொண்டுவந்த ரொட்டிக்கடைக்காரர் கூடையை இறக்காமலே நின்றார். நீங்க அண்ணன், நீங்க எப்படியும் தூக்கிடுவீங்க, பங்க்சரும் தூக்குவான், பறவைகளுக்குன்னு நான் ஒருத்தனாவது இருக்கணும்னு பாத்தேன் என்றார். பங்க்சரும் அதையே சொன்னார். தேன்காரர் அழுதுவிட்டார். நான்கு பேரும் மற்றவர் கையை நம்பி அவரவர் கையை மடியில் வைத்திருக்கிறோம்.

முன்பே பதிவு செய்தவர்கள் இருந்தார்களே, அவர்களுக்காகச் சித்தப்பா இரண்டு வாரம் அந்தத் தோளோடேயே துடுப்புப் போட்டான். நான் கரையில் போய் நிற்பேன், பயணிகளைக் கைபிடித்து இறக்குவான், என்னைத் தாண்டிப் போவான். அதற்குள் நாங்கள் மறுபடி கூடி, கண்ணைத் திறந்தே நான்கு கையும் தூக்கினோம். சத்தம் போடாத பேட்டரி மோட்டார் ஒன்று கூட்டுச் செலவில் வாங்கித் தருவது என்று முடிவு. அப்படி ஒன்று இருப்பது முதல் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை பார். அதைச் சொல்லத்தான் அவன் வீட்டுக்குப் போனேன். அவனும் சித்தியும் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். உட்காருங்கண்ணா என்றான், மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், மோட்டார் கிடைக்கலேன்னு நான் போகலண்ணா என்றான். தோத்திருந்தாலும் இங்கதான் கிடந்திருப்பேன், கண்டக்டரு ரெண்டுன்னு சொல்லியிருந்தாப் போதும் என்றான். நான் எழுந்துகொண்டேன். வாசல்வரை வந்து செருப்பைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தான், சின்ன வயதிலிருந்து செய்கிற மாதிரியே.

விடுதிக்கு ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். படகு எத்தனை மணிக்கு என்று கேட்கிறார்கள். கரையிலிருந்தே பறவைகளைக் காட்டி அனுப்புகிறோம், பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத்தான் போகிறார்கள். அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை, சாப்பாட்டைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

சித்தப்பாவுக்கு உன் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு பார்சல் கிடங்கில் காவல் வேலை. விலாசத்தை அம்மா தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறாள். வாரத்தில் ஒரு நாளாவது போய்ப் பார். பெட்டி தூக்கச் சொன்னால் முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வராது, தோளுக்கு அங்கே நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டு. எனக்காகப் பரிந்து பேசாதே. அவனாகக் கேட்கும்வரை என் பேச்சையே எடுக்காதே. கேட்டால், அன்றைக்கு நான் கை தூக்கவில்லை என்பதை நானே உனக்கு எழுதித் தெரிவித்தேன் என்று மட்டும் சொல்.

நீயும் உன் குடும்பமும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். குழந்தைக்கு என் முத்தம். குளிர்காலம் வருகிறது, காதை மூடாமல் வெளியே அனுப்பாதே.

இப்படிக்கு,
உன் அப்பா