சிவக்காத மட்டிகள்

திகனவில் இன்று சர்பத் குடித்தேன். கடைக்கார நானா தளும்பத் தளும்பத் தந்ததில் விரல்நுனி ரோஸாகிவிட்டது. "கையக் கழுவுங்க மிஸ், கறை லேசுல போகாது," என்றார். எனக்குக் கழுவ மனம் வரவில்லை, தோழி. நம் இருவர் விரல்களும் அந்த நிறத்தில் இருந்த காலம் ஒன்று உண்டே.

பேராதனை ஆய்வுகூடத்தில் உங்கள் ஊர்க் கடலோரக் களப்பின் அடிச்சேற்றை அரித்து, ரோஸ் சாயத்தில் ஊறவைத்து, வெள்ளைத் தட்டில் பரப்பி, ஊசியால் பொறுக்குவோம். அள்ளியபோது உயிரோடிருந்த புழுவும் மட்டியும் சிவக்கும். வெறும் ஓடு வெள்ளையாகவே கிடக்கும். நான் பன்வில மலைத் தோட்டத்துக்காரி. "கடலைக் காணாத உமக்கு மட்டியோடை என்ன சகவாசம்?" என்று சீண்டுவீர்கள். "ஒங்க ஊரு புழு என்கிட்ட நல்லாத்தான் பழகுது, நீங்க சும்மா இருங்க," என்பேன்.

கலவரத்தில் நம் அறையை எரித்தார்கள். மாற்றுச் சேலைகூட இல்லாமல் ஊருக்குக் கிளம்பிய நீங்கள், ஆய்வுகூடத்து வெறும் போத்தல்களைப் பையில் அடுக்கினீர்கள். எனக்குக் கோபம் வந்தது.

"உசிரோட போய்ச் சேந்தா போதாதா?"

"சேறு அனுப்புவன். நீர் பாரும்."

அனுப்பினீர்கள். மாரியிலும் கோடையிலும், யாராவது பிரயாணியின் கையில். பிறகு, இராணுவக் காவலரணுக்குப் பாதை போட முகத்துவாரத்தை மண்கொட்டி மூடிவிட்டார்கள் என்று எழுதினீர்கள். கடல் உள்ளே வரவில்லை. மாரியில் களப்பு குளத்துத் தண்ணீராகியது, கோடையில் உப்பாகக் காய்ந்தது. போத்தலுக்குப் போத்தல் என் தட்டில் சிவப்பு குறைந்தது. முதலில் மட்டிகள் போயின. புழுக்கள் கொஞ்சக் காலம் தாக்குப்பிடித்தன.

கடைசிப் போத்தலை உங்கள் அம்மாதான் கொண்டுவந்தார். அதை நிரப்பி வைத்துவிட்டு மறுபடியும் களப்புக்குப் போனீர்களாம். அன்று அங்கே செல் குண்டு விழுந்ததாம். உடல்கூடக் கிடைக்கவில்லையாம். சாயம் ஊறும்வரை அம்மா என்னோடு தங்கினார். நான் ஊசியை எடுத்தபோது பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் வெள்ளை ஓடு.

"ஒண்டும் இல்லையோ பிள்ளை?"

"இல்லம்மா."

"இன்னொருக்காப் பார்."

பார்த்தேன். ஒன்றுமே சிவந்திருக்கவில்லை. உங்களையும் சேர்த்துத் தொலைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விம்மி அழுதேன். அம்மா அழவில்லை.

யுத்தம் ஓய்ந்துவிட்டது என்கிறார்கள். அந்தச் சேறு இன்னும் தட்டோடு என்னிடம் இருக்கிறது. அம்மா எப்போதாவது டெலிபோனில் கோல் எடுப்பார். உங்களைப் பற்றி ஒரு சொல் கேட்கமாட்டார்.

"இன்னொருக்காப் பாத்தியோ பிள்ளை?"

"இருங்கம்மா," என்று ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுப் போய், தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வந்துதான் இல்லை என்று சொல்வேன்.