ஏழு போட்ட சீட்டு

2007 ஜனவரி 22, திங்கள்
வேலையில் சேர்ந்து எட்டாவது நாள். அரசு அலுவலகங்களுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வரப்போகிறது. அது என்னென்ன செய்ய வேண்டும் என்று ஜனங்களிடம் கேட்டுச் சீட்டில் எழுத வேண்டும். இன்று பெரிய மார்க்கெட். நாற்பத்தொரு சீட்டு. செருப்பெல்லாம் மீன் தண்ணீர் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

ஜனவரி 24
மேற்பார்வையாளர் விஜயராகவன் சார் விதி சொன்னார். வரி 1, குடிநீர் 2, சான்றிதழ் 3, இப்படியே போகிறது. "வெறும் பொலம்பலா இருந்தா ஏழு போடுங்க மேடம். ஏழு போட்டது கம்ப்யூட்டர் செய்யற கம்பெனிக்குப் போவாது."
என்னைக் கேட்டால் எனக்கே ஏழுதான் போட வேண்டும்.

ஜனவரி 25
மாமியார் மறுபடி ஆரம்பித்தார். "ரேசன் கார்டுல அவன் பேர எடுக்கணும்மா. எறப்பு சர்ட்டிபிகேட்டு இல்லாம முடியாதாம்."
கணவர் இறந்த பிறகு இத்தா இருந்த நான்கு மாதம் பத்து நாளும் வெளியே போகக் கூடாது என்று ஒரு சாக்கு இருந்தது. அது முடிந்தே இரண்டு மாதம். காலாப்பட்டு ரோட்டில் அவர் வண்டிமேல் லாரி மோதிய நாளிலிருந்து நான் அழவில்லை. மாமியாருக்கு அதுதான் பயம். எனக்கு அந்தப் பயமும் இல்லை.

ஜனவரி 29
மீன் விற்கும் கொளஞ்சியக்கா சொன்னது:
"எம் புருசன் உசுரோட இருக்கச்சொல்ல ஒரு நாளும் அவரு பேர வாயால சொன்னதில்லம்மா. செத்த சர்ட்டிபிகேட்டு வாங்கப் போனா நாலு ஜன்னல். நாலுலயும் பேரச் சொல்லு, பேரச் சொல்லுன்றாங்க. ஒருவாட்டி சொன்னா நாலு பேருக்கும் தெரியற மாதிரி ஒங்க கம்ப்யூட்டரு செய்யுமா?"
நான் எழுதி முடிக்கும்வரை மீன் அரிவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.
மூன்று போட வேண்டிய சீட்டு. ஏழு போட்டேன். ஏன்? இன்னொரு தடவை அதைப் படிக்க முடியவில்லை.

பிப்ரவரி 2
சீட்டுகள் போய்விட்டன. ஏழு எல்லாம் கோணிப்பையில், மாடிப்படிக்குக் கீழே.

பிப்ரவரி 9
தலைவலி.

ஆகஸ்ட் 13
புதுக் கம்ப்யூட்டர் வந்துவிட்டதாம். மாமியார் ரேஷன் கார்டை எடுத்து என் முன்னால் வைத்தார். நாளைக்குப் போகிறேன்.

ஆகஸ்ட் 14, செவ்வாய்
போனேன். அதே நாலு ஜன்னல். நாலிலும் கம்ப்யூட்டர். ஒன்றில் அடித்தது மற்றதில் தெரியாது.
"எறந்தவரு பேரு?"
முதல் ஜன்னலில் சொன்னேன். இரண்டாவதிலும் சொன்னேன். மூன்றாவதில் "சத்தமா சொல்லுங்கம்மா" என்றார்கள், சொன்னேன். நாலாவதுல வாய் வரல. அழுகதான் வந்துச்சு. எல்லாரும் பாக்கறாங்க, நிறுத்த முடியல. ஒரு வருசத்து அழுக. யாரைத் திட்ட? அந்தச் சீட்டுக்கு ஏழு போட்டவ நான்தானே. கடைசியில் பேரைத் தாளில் எழுதி உள்ளே நீட்டினேன்.
சான்றிதழோடு நேராக மார்க்கெட்டுக்குப் போனேன். "ஒங்க சீட்ட நான் அனுப்பலக்கா" என்றேன். கொளஞ்சியக்கா வீங்கிய என் முகத்தையும் கையிலிருந்த தாளையும் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன்.
"யாருக்கும்மா வாங்கின?"
"என் வீட்டுக்காரருக்கு. ஷஃபீக்."
அது நாலாவது தடவை.