அந்தமானில் பழகிய ஓட்டம்

ஞாயிறு இரவு, அவனியாபுரம்

நினைக்க நினைக்கச் சிரிப்பா வருது. தூக்கந்தான் வரல.

காலையில நானும் வீட்டுக்காரரும் காபி குடிச்சிக்கிட்டிருந்தோம். அலமாரியில டம்ளரெல்லாம் கடகடன்னு ஆடுச்சு. உடனே இவரு என் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுத் தெருவுக்கு ஓடிட்டாரு. பாத்தா, புது ரோடு போடுற ரோலர் வாசல்ல அதிர்ந்துக்கிட்டு நிக்குது. அதை ஓட்டுறவரு பதறிப்போயி, “என்னண்ணே, வண்டிய நிப்பாட்டவா?”ன்னாரு. இவரு கைலியச் சரி பண்ணிக்கிட்டு, “இல்லண்ணே, நீங்க ஓட்டுங்க”ன்னாரு.

இவருக்கு அந்தமான்ல வேலை, இப்ப லீவுல வந்திருக்காரு. அங்க கடலுக்கு அடியில ஒரு நிலத்தட்டு இன்னொரு தட்டுக்குக் கீழ கொஞ்சங்கொஞ்சமா நுழைஞ்சுக்கிட்டே இருக்காம். சிக்கி நின்னது திடீர்னு நழுவுனா தீவே ஆடுமாம். “இன்னைக்கு லேசா ஆடுச்சு”ன்னு போன்ல சொல்லுவாரு. நானும் “சாப்டீங்களா?”ன்னு அடுத்த பேச்சுக்குப் போயிருவேன். லேசான ஆட்டத்துக்கு யாராச்சும் இம்புட்டு வேகமா ஓடுவாங்களா? கேக்கணும்னு இருந்தேன், கேக்கல. புதன்கிழமை கெளம்புறாரு.

போனு, பர்ஸு, கண்ணாடி எல்லாத்தையும் வீட்டுக்குள்ளயே போட்டுட்டுத்தான் ஓடியிருக்காரு. திரும்ப வாசப்படி ஏறுன பெறகுதான் என் கையை விட்டாரு.

மணிக்கட்டு இன்னும் லேசா வலிக்குது. வலிக்கட்டும்.