பேச்சியின் டம்ளர் எத்தனை கிராம்?

என் அன்புப் பேச்சிக்கு,

இருங்காட்டுக்கோட்டை அறையில், உன் ஜன்னலோரக் கொடியில் இப்போது உன் தங்கை இசக்கியின் துப்பட்டா காய்கிறது. ஊருக்குப் போன இடத்தில் காய்ச்சல் வந்து நீ எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. நீ வேலை பார்த்த கம்பெனியிலேயே அவளும் சேர்ந்து இரண்டு வாரமாகிறது.

இரண்டாவது வாரமே பையைக் கட்டிவிட்டாள். "முடியலக்கா. ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போறேன்." மெஸ் சாப்பாட்டில் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. தடுக்க நான் யார்? ஆனால் உன் அறையிலிருந்து அவள் வெறும் வயிற்றோடு கிளம்புவது எனக்குப் பொறுக்கவில்லை. உன் உளுந்தங்களியைக் கிண்டிக் கொடுத்தாவது அனுப்பலாம் என்று நினைத்தேன்.

அதன் பக்குவத்தை உன்னிடம் கேட்டு எழுதிய நாள் நினைவிருக்கிறதா? "ஒரு டம்ளர் உளுந்து மாவு, ஒரு டம்ளர் கருப்பட்டித் தூள், ரெண்டு டம்ளர் தண்ணி. இதுக்கு ஒரு நோட்டா, ஏட்டி? பாத்திரம் கழுவச் சொன்னா மட்டும் புஸ்தகத்தத் தூக்கிருவ."

உன் டம்ளரை உன் அம்மா சாமான்களோடு ஊருக்கு எடுத்துப் போய்விட்டார்கள். அரை லிட்டர் பால் அதில் இரண்டரை டம்ளர் வரும், அதனால் அது இருநூறு மில்லி என்று தெரியும். இருநூறு கிராம் மாவு, இருநூறு கிராம் கருப்பட்டி, நானூறு மில்லி தண்ணீர் என்று மாற்றி எழுதிக்கொண்டேன். எங்கள் கம்பெனி லைனில், மெஷின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் கலக்கும்போது லிட்டரும் கிலோவும் ஏறக்குறைய ஒன்றுதான். தினமும் அதைச் செய்து பழகிய கை, மாவையும் தண்ணீராக நினைத்துவிட்டது.

ஞாயிறு காலை கிண்டினேன். கரண்டி நட்ட இடத்திலேயே நின்றது. எட்டிப் பார்த்த வீட்டுக்காரம்மா, "இன்னாம்மா இது, செவுத்து வெடிப்புல பூசப் போறியா? மேஸ்திரிய வரச் சொல்லவா?" என்றார்.

பையோடு நின்ற இசக்கி சிரித்துவிட்டாள். வந்ததிலிருந்து அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பிறகு பையைத் திறந்தாள். துணிகளுக்கு நடுவே உன் டம்ளர், விளிம்பில் அதே நெளிவோடு. அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்து வந்திருக்கிறாள். இத்தனை நாள் அதை வெளியே எடுக்கவே இல்லை.

காலையில் மாவு நிறுத்த சமையல் தராசை மறுபடி எடுத்தேன். டம்ளரைத் தட்டித் தட்டி மாவை நிரப்பியபோது என் கையைப் பிடித்தாள். "தட்டாதீங்கக்கா. அக்கா சும்மா அள்ளி, விரலால வழிச்சு விட்டுருவா."

தட்டாத மாவு நூற்றிருபத்தைந்து கிராம். கருப்பட்டித் தூள் நூற்றைம்பது. தண்ணீர் மட்டும்தான் இருநூறுக்கு இருநூறு. நீ சொன்ன 'ஒரு டம்ளர்' என்பதற்குள் உன் விரலும் இருந்திருக்கிறது. அதை நான் எழுதிக்கொள்ளவே இல்லை.

இரண்டாவது களி நல்லெண்ணெயில் ஒட்டாமல் திரண்டு வந்தது. "இப்பத்தான் களி மாதிரி கீது" என்று வீட்டுக்காரம்மா ஒரு உருண்டையைக் கொண்டுபோனார். இசக்கி இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். "அக்கா கையில இன்னும் கொஞ்சம் எண்ண தாராளமா இருக்கும்" என்று குறையும் சொன்னாள்.

பஸ் நேரம் வந்தது, போனது. இசக்கி டம்ளரைக் கழுவினாள். பைக்குள் வைக்கவில்லை, அலமாரியில் கவிழ்த்து வைத்தாள்.

இன்று காலை ஷிப்ட் பஸ்ஸுக்கு எனக்கு முன்னால் போய் நின்றாள். எத்தனை நாள் இருப்பாள்? தெரியவில்லை, பேச்சி. இன்று இருக்கிறாள்.

நோட்டில் கிராமைத் திருத்திவிட்டேன். பக்கத்தில் 'தட்டாமல், விரலால் வழித்து' என்றும் எழுதியிருக்கிறேன். இசக்கி இங்கே இருக்கும்வரை பசியோடு ஷிப்டுக்குப் போகமாட்டாள். பாத்திரமும் நானே கழுவுகிறேன், போதுமா?

உன் தங்கைக்கு இப்போதைக்கு அக்காவாக இருக்கும்
உன் அறைத்தோழி