கத்தரீனாளுக்குக் கேட்கும் சத்தம்

ஜூலை 8, 2024 – திங்கள்

வண்டி இன்றும் சூடாகிவிட்டது. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு மேல்தோட்டத்துக்கு ஏலக்காய் பறிக்கப் போகும் வழியில், சிலுவை நட்ட குருசடி தாண்டிய ஏற்றத்தில் சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்டினேன்.

பின்னாலிருந்து ரோசி, "என்னண்ணே, பிக்கப்புல கஞ்சி வைக்கீங்களா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, தண்ணீர் ஊற்றி ஏறினோம்.

வீட்டில் சொன்னால் கத்தரீனாள் வேறொரு கதை சொல்கிறாள். "ஏங்க, வண்டி கீச்சு கீச்சுன்னு கத்துது. நீங்க கீழ வளைவுல வரும்போதே எனக்கு இங்க கேக்குது."

கத்தவே இல்லை. அடுப்படியில் நிற்கிறவளுக்குக் கேட்பது ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்குக் கேட்காதா? இந்த வண்டியின் இருமல் தும்மல் எல்லாம் எனக்குத் தெரியும்.

ஜூலை 10

ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. புது மூடி போட்டேன். ஹோஸ்களை அமுக்கிப் பார்த்தேன், கெட்டியாக இருந்தன. ஃபேன் பெல்ட்டை இறுக்கினேன். இதற்கெல்லாம் ஒரு மெக்கானிக் எதற்கு?

ஜூலை 11

ஏற்றத்தில் மறுபடியும் சிவப்பு. மெக்கானிக் எதற்கு என்று நேற்று எழுதியவனை இன்று காணோம்.

ஜூலை 13

தண்ணீர் எங்கே போகிறது? ஊற்றிய தண்ணீர் மறுநாள் குறைந்திருக்கிறது. நிறுத்திய இடத்தில் தரை காய்ந்து கிடக்கிறது. மழையில் தெரியாமல் போகுமோ என்று ஷெட்டுக்குள் விட்டுப் பார்த்தேன். அங்கும் ஒரு சொட்டு இல்லை.

ஹெட் கேஸ்கட் போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தது. எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்கினால் ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறிவிடும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தேன், சுத்தமான ஆயில். புகையும் வெள்ளையாக இல்லை. மாதாவே, அந்த மட்டும் தப்பித்தேன்.

டிஜோவுக்குப் போன் செய்தால், மச்சினன் கல்யாணமாம், வியாழக்கிழமைதான் ஒர்க்‌ஷாப் திறப்பானாம். வண்டிக்கு நோவு வருகிற நேரம் பார்த்துத்தான் மெக்கானிக் வீட்டில் கல்யாணம் வரும்.

ஜூலை 15 – திங்கள்

காலையில் கடும் பனி. எங்கள் பாதையில் பனி இறங்கினால் விளக்கு உதவாது, கண் உதவாது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் நின்று ஹாரன் அடிக்க வேண்டும். மேலிருந்து பதில் ஹாரன் வந்தால், வருகிறவனுக்கு வழிவிட்டு நிற்க வேண்டும். வராவிட்டால் ஏறலாம். பின்னால் அத்தனை பேரை ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு வேறு வழி கிடையாது. ஒரு பக்கம் மண்திட்டு, மறுபக்கம் கொக்கை, விழுந்தால் பாதாளம்தான்.

இந்தப் பெண்கள் வேறு, சில வளைவுகளில் நான் ஏறக் கிளம்பினாலே கேபின் தலையில் டம் டம் என்று தட்டுகிறார்கள். போன மழைக்காலத்திலிருந்து இதே விளையாட்டு. ஏற்கெனவே முள்ளைப் பார்த்துப் பார்த்து எரிச்சலில் இருந்தேன். இறங்கிப் போய்க் கத்திவிட்டேன். "இது என்ன கோயில் மேளமா? இன்னொரு தட்டு கேட்டுச்சு, அத்தனை பேரையும் இறக்கி விட்டுருவேன்."

ரோசி ஏதோ சொல்ல வந்தாள். பக்கத்தில் நின்ற ஜிஸ்மி அவள் கையைப் பிடித்தாள். அதன் பிறகு தட்டவில்லை. சொன்னால் கேட்கிறார்கள்.

ஜூலை 18 – வியாழன்

டிஜோ பானெட்டைத் திறக்கும் முன்பே முகத்தைச் சுளித்தான். "இம்புட்டுச் சத்தத்த வச்சுக்கிட்டு எப்பிடிண்ணே ஓட்டுனீங்க?"

நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைத் தண்ணீர் பம்பில் ஊன்றி, கைப்பிடியைத் தன் காதில் வைத்துக் கேட்டான். "இங்கதான். நீங்களே கேளுங்க" என்று என்னிடம் கொடுத்தான். வைத்தேன். எஞ்சினின் உறுமல் மட்டும் கேட்டது. கீச்சு என்று எதுவும் இல்லை. நன்றாக அழுத்தி வைத்தேன். இல்லை.

"ஆமா, கேக்குது" என்றேன்.

டிஜோ என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு எஞ்சினை நிறுத்தி, ஃபேனைப் பிடித்து ஆட்டச் சொன்னான். கையில் தெரிந்தது, லொடலொடவென்று. பம்பின் பேரிங் தேய்ந்து போயிருக்கிறது. ஓடும்போது மட்டும் அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் வெளியேறி, எஞ்சின் சூட்டில் அங்கேயே காய்ந்துவிடுகிறது. பம்புக்குக் கீழே துருக்கறை கோடு போட்டிருந்தது. அதனால்தான் தரையில் சொட்டு இல்லை. பம்பு கட்டப்பனையிலிருந்து வர வேண்டும்.

எல்லாம் சரி. நான் ஏன் கேட்கிறது என்று சொன்னேன்?

சாயங்காலம் கத்தரீனாளிடம் கேட்டேன். "இப்பல்லாம் சில்வண்டு கத்துதா?" ஏலச்செடிக்கு அடிக்கிற மருந்தில் சில்வண்டெல்லாம் செத்துப்போய்விட்டது என்று டீக்கடையில் உட்கார்ந்து எத்தனை பேரிடம் நியாயம் பேசியிருக்கிறேன். தோட்டக்காரர்களைத் திட்டியிருக்கிறேன்.

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இந்நேரங்கூடக் கத்திக்கிட்டுத்தான் இருக்கு."

ஜூலை 20

பம்பு மாற்றியாயிற்று. ஏற்றத்தில் முள் நடுவிலேயே நிற்கிறது. கீச்சு சத்தம் நின்றுவிட்டதாகக் கத்தரீனாள் சொல்கிறாள். அவள் சொன்னால் சரிதான்.

ஜூலை 22 – திங்கள்

எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

காலையில் பனி. பாறை வளைவில் நின்றேன், ஹாரன் அடித்தேன், கண்ணாடியை இறக்கிக் காத்திருந்தேன். சத்தியமாகக் காத்திருந்தேன். பதில் இல்லை. ஏறினேன். பனிக்குள்ளிருந்து ஒரு ஜீப் மூக்கு முன்னால் வந்து நின்றது. பிரேக்கை மிதித்ததில் பின்னால் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ரோசிக்கு நெற்றியில் அடி. பின்சக்கரம் கொக்கை ஓரத்துப் புல்லில் நின்றது.

இறங்கி அந்த டிரைவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஹாரன் அடிக்கத் தெரியாதவனுக்கு யார் லைசென்ஸ் கொடுத்தது என்றேன். அவன், "ரெண்டு தடவ அடிச்சேன்" என்றான். பொய் சொல்கிறான் என்று பெண்களைப் பார்த்தேன்.

ரோசி நெற்றியை முந்தானையால் அழுத்திக்கொண்டு சொன்னாள். "அவரு அடிச்சாருண்ணே. நல்லாவே கேட்டுச்சு. அதுக்குத்தான நாங்க தட்டுவோம்."

போன மழைக்காலத்திலிருந்து. மேலிருந்து ஹாரன் வந்தால், எனக்குக் கேட்காது என்று தெரிந்து, தட்டியிருக்கிறார்கள். நானும் அந்தச் சத்தத்தில் எரிச்சல்பட்டு நின்றிருக்கிறேன், நின்றதால் எல்லோரும் பிழைத்திருக்கிறார்கள். அதைத்தான் மேளம் என்று நிறுத்தச் சொன்னேன். பாவி நான்.

வீட்டில் கத்தரீனாளிடம் சண்டை. "ஊருக்கே தெரிஞ்சிருக்கு. ஒருத்தியாவது எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"சொன்னா வண்டிய விட்டுருவீங்கன்னு பயந்தாளுவ. நானுந்தான் பயந்தேன். வண்டி இல்லாட்டி நீங்க என்னத்தப் பண்ணுவீங்க?"

இரக்கப்பட்டிருக்கிறார்கள். எனக்கே அடிபட்டிருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது. என் மேல் இரக்கப்பட்டு, தங்கள் உயிரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

ஜூலை 25

கட்டப்பனையில் காது டாக்டர். கூரான சத்தங்கள் ஏறக்குறைய முழுதும் போய்விட்டனவாம். தடித்த சத்தங்கள் மிச்சம். டீசல் எஞ்சின் பக்கத்திலேயே ஆயுசைக் கழித்தால் இப்படி ஆகலாமாம். காதுக்கு மெஷின் வைக்கலாம், பழக நாளாகும் என்றார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நானும் எத்தனையோ பேரைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

ஜூலை 28 – ஞாயிறு

பூசை முடிந்து ரோசி வந்தாள். நெற்றிக் காயம் ஆறுகிறது. "தட்டுறோம்ணே. முன்ன மாதிரி நீங்களே ஓட்டுங்க. யாரும் ஒண்ணும் நெனைக்கல" என்றாள். ஆசையாகத்தான் இருந்தது. சரி என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஒரு நாள் பேச்சு சுவாரசியத்தில் தட்ட மறந்தால்?

முடியாது என்றேன். ஜிஸ்மி தன் அண்ணன் ஜீப்பை இதே பாதையில் ஓட்டுகிறவள்தான், லைசென்சும் இருக்கிறது. அவளைக் கேட்டேன். "நீங்க பக்கத்துல உக்காந்தா ஓட்டுதேன் மாமா" என்றாள்.

ஆகஸ்ட் 5 – திங்கள்

ஒரு வாரமாக ஜிஸ்மிதான் ஓட்டுகிறாள். கிளட்சைக் கொஞ்சம் அதிகமாக மிதிக்கிறாள். நான் வாயை மூடிக்கொண்டு முள்ளை மட்டும் பார்க்கிறேன்.

இன்று நல்ல பனி. பாறை வளைவுக்கு முன்னால் நிறுத்தி, ஹாரன் அடித்து, எஞ்சினையும் அணைத்தாள். நான் பாதையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை லேசாகச் சாய்த்தாள். கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு லோடு ஜீப் இறங்கிப் போனது.

மேல்தோட்டத்தில் நிறுத்தியதும், தினமும் செய்வதுபோல் சாவியை என்னிடம் நீட்டினாள்.

"உங்கிட்டயே இருக்கட்டும்" என்றேன்.

இறங்கிப் போய், பெண்கள் இறங்குவதற்குப் பின்கதவைத் திறந்துவிட்டேன்.