நாய் மனசு விடாமலிருக்க

அக்டோபர் 9

மத்தியானம் வந்து சேர்ந்தோம், அப்பாவும் நானும். சின்னத் துறைமுகம், மூன்று பக்கமும் மலை. விடுதி வராந்தாவில் கயிறுகள், ஈரச் சட்டைகள், யாருடைய துடுப்போ. வரவேற்பில் இருந்தவன் நிமிராமலே கேட்டான்: "ட்ரெக்கிங்கா, படகா?"

"பையனைத் தேட," என்றார் அப்பா.

அவன் எழுந்து நின்று சாவியைக் கொடுத்தான்.

போன ஞாயிறு காலை அண்ணன் முகட்டுப் பாதையில் தனியாக ஏறியிருக்கிறான். இறங்கவில்லை. அவன் கார் இன்னும் படகுத்துறையில் நிற்கிறது. அப்பா அதன் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தார். "மாடி ஏறச் சொன்னா முட்டி வலிக்குதும்பான். தொரைக்கு மலை கேக்குது."

அக்டோபர் 10

தேடும் குழுவோடு மலையடிவாரம் வரை. அதற்கு மேல் விடவில்லை. வேனில் இருக்கச் சொன்னார்கள். மோப்ப நாயை நடத்துகிறவள் என்னைவிடக் கொஞ்சம் பெரியவள். அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். நாய்க்கு ஒரு காது மடங்கியிருக்கிறது. "இவளுக்கு என்னைக் கண்டா இளக்காரம். பிஸ்கெட்டுக்குத்தான் மரியாதை," என்றாள். அப்பா சிரித்தார். பிறகு, சிரித்ததை மறைக்க இருமினார்.

படகுத்துறையில் பெரிய விளம்பரப் பலகை. முகட்டில் ஒருவன் கை விரித்து நிற்கிறான், கீழே கடல். அதே முகடு. அதைக் கடக்கும்போது அப்பா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார்.

அக்டோபர் 11

மழை. தேடவில்லை. அப்பா சவரம் செய்துகொண்டார். எதற்கு? வீட்டிலிருந்து அம்மா போனில்: "கெடச்சதும் மொதல்ல என்கிட்ட பேசச் சொல்லு." சரி என்றேன்.

அக்டோபர் 12

எழுதியாக வேண்டும்.

மதியம் அக்கா மட்டும் வேனுக்கு இறங்கி வந்தாள். அப்பா பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். நாய் பாதையிலேயே படுத்துவிட்டதாம்.

"தேடித் தேடி யாருமே கெடைக்கலேன்னா இந்த நாய்ங்களுக்கு மனசு விட்டுப்போயிடும். யாராவது ஒளிஞ்சுக்கணும். ஒருத்தரக் கண்டுபிடிச்சுட்டாள்னா நாளைக்குத் தெம்பா வருவா. எங்க ஆளுங்க வாசனை அவளுக்குப் பழகிப்போச்சு. நீ வர்றியா?"

அப்பா தூங்கட்டும் என்று விட்டோம்.

பாறைக்கு அடியில் ஒரு பள்ளம். பெரணிச் செடிகளை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு படுத்தேன். ஈர மண். முதுகில் குளிர் ஏறியது. அண்ணனும் இப்படித்தான் — மூக்குக்கண்ணாடியைக் கழற்றியிருப்பானா? கழற்றினால் எங்கே வைப்பான்? அதற்குள் மூச்சிரைப்பு, ஈர மூக்கு, குரைப்பு. நாய் என் காதை நக்கியது. சிரித்துவிட்டேன். சத்தமாக. அப்படிச் சிரித்து நாளாகிவிட்டது. "கெட்டிக்காரி, கெட்டிக்காரி," என்று அக்கா அதைக் கொஞ்சினாள்.

பிறகு கீழேயிருந்து அப்பாவின் குரல்.

"பெரியவனே… டேய் பெரியவனே, வந்துட்டேன்டா."

குரைப்பில் விழித்திருக்கிறார். ஒரு காலில் செருப்பு இல்லை. முட்டியெல்லாம் சேறு. பெரணியை விலக்கிப் பார்த்தார்.

"நீயா," என்றார்.

அவ்வளவுதான். யாரும் அவர்கிட்ட சொல்லல. ஒருத்தருக்கும் தோணல, எனக்கும்தான் தோணல. நான் அவர் மகள். உயிரோடு கிடைத்தேன். அது போதவில்லை. எப்படிப் போதும்?

அக்டோபர் 13

நாய் தெம்பாக ஏறிப் போனது. ஒன்றும் கிடைக்கவில்லை. அப்பா என்னோடு பேசவில்லை.

சாயங்காலம் அக்கா அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். "நாய் மனசு விடக்கூடாதுன்னு ஒரு ஆளை ஒளிச்சு வெச்சீங்க," என்றார். "எனக்கு யாரைம்மா வெப்பீங்க?"

குரலில் கோபம் இல்லை. அவள் நாயின் கழுத்துப்பட்டையை அவிழ்த்தாள், மறுபடி மாட்டினாள்.

அக்டோபர் 14

நாளையோடு நிறுத்துகிறார்கள். பக்கத்து அறையில் சுற்றுலா வந்தவர்களுக்குள், நாளைக்கு எந்த அருவி என்று சண்டை.

அக்டோபர் 15

இல்லை.

சாயங்காலம் நாயைத் தூக்கிக்கொண்டுதான் இறங்கினார்கள். அக்கா இந்த முறை என்னைக் கேட்கவில்லை, என் பக்கம் பார்க்கவும் இல்லை. அப்பாதான் வேனிலிருந்து இறங்கிப் போனார்.

"இதுக்கு நாளைக்கு வேலை இருக்கா?"

"அந்தாண்ட காட்டுல, ஐயா. ஒரு பொண்ணு. நேத்து போனது இன்னும் திரும்பல."

"அப்ப நான் ஒளியறேன். எடத்தக் காட்டு."

நான் வேனில் இருந்தேன். எல்லாம் தெரியும். படுத்திருப்பது அப்பா. நாய் தேடுவது அவரைத்தான். ஆனாலும் குரைப்பு கேட்டதும் என் கால்கள் ஓடின. "அண்ணா" என்று ஒரு கத்தல் கேட்டது, நான்தான்.

அப்பா அதே பள்ளத்தில் மல்லாந்து கிடந்தார். நாய் அவர் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது. அவர் தள்ளவில்லை.

"கெட்டிக்காரி," என்றார் அதனிடம். "போம்மா. போயி அந்தப் புள்ளையப் பாரு."

இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அக்டோபர் 16

அண்ணன் காரில் கிளம்பினோம். மாற்றுச் சாவியை அப்பா வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார். அண்ணன் நெட்டை, இருக்கை அவன் கால் நீளத்துக்குப் பின்னால் தள்ளிக் கிடந்தது. அப்பா அதை நகர்த்தவில்லை. விளிம்பில் உட்கார்ந்து, நுனிக்காலால் ஓட்டினார். பின்கண்ணாடியில் மலை வெகுநேரம் இருந்தது.

அம்மா அழைத்தாள். நான் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். அப்பா வண்டியை ஓரம் கட்டினார்.

"குடு. நானே சொல்றேன்."

சொன்னார். சொல்லி முடித்து, போனை என் மடியில் வைத்தார். பிறகு குனிந்து, இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டார்.