மேசைக்குப் போட்ட பாவாடை

வெள்ளி, ராத்திரி

ஜெபக்கூட்டம் முடிஞ்சு எல்லாரும் போயாச்சு. எனக்கு ஆத்திரம் அடங்கல.

முன்னறையில ஒரு சோபா செட்டி போட்டாலே நடக்க இடமில்ல. அதுக்காகத்தான் தேடித்தேடி அந்த வட்ட டேபிளை வாங்கினேன். மெலிஞ்ச ஸ்டீல் குழாய், மேல கண்ணாடி. இருக்கியதே தெரியாது, அறையையும் அடைச்சுக்காது.

இவருக்க அக்கா வந்தா. "இது ஆஸ்பத்திரி மேசையாக்கும் மக்கா, இதுலயா வேதப்புஸ்தகம் வைக்க?"ன்னு எல்லாரும் கேக்கச் சொன்னா. பையில இருந்து பூப்போட்ட மேசைவிரியை எடுத்து தரை வரைக்கும் மூடினா. டேபிளைப் பாக்கும் முன்னேயே விரியோட வந்திருக்கா!

"அக்கா ஆசையா செய்தது, கிடக்கட்டு"ன்னாரு இவரு.

கிடக்குது. வாசல்ல, கால் துடைக்கியதுக்கு. ஞாயிறு ஆராதனை முடிஞ்சு அவ இங்க சாப்பிட வருவா. வரட்டு. காலை நல்லா துடைச்சிட்டு உள்ள ஏறட்டு.